கணக்கில் வராத ஆச்சி

மார்ச் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டியதும் கொச்சி மட்டாஞ்சேரிப் பிள்ளைகள் திசைக்கொருவராகப் பிரிந்து போவோம். குஜராத்தி ரோட்டுப் பிள்ளைகள் ரயிலேறி அவர்கள் பாட்டன் ஊருக்குப் போவார்கள். திருமலைக் கோயிலைச் சுற்றிக் குடியிருந்த கொங்கணிப் பிள்ளைகளுக்கு உற்சவமும் ஆறாட்டும் உண்டு. பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள் அந்தக் கிடங்கு வாசலிலேயே, சுக்கு பொறுக்கும் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து தும்மிக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் வளர்ந்த பெண்பிள்ளைகள் செம்மீன் உரிக்கும் ஷெட்டுக்குப் போய்விடுவார்கள். ஜூன் மாதம் வகுப்புக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். சிலர் வரவே மாட்டார்கள். வருகைப் பதிவில் அந்தப் பெயரை டீச்சர் ஒரு வாரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்.

எங்களுக்கு இருந்தது தோபிகானா.

வெளி மைதானத்துப் பக்கம் 1976-இல் விசால கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்த இடம் அது. வரிசையாகத் தடுத்த அறைகள், அறைக்கு ஒரு தொட்டி, ஒரு கல். பின்னால் துணி காயப்போடும் திடல். அதற்கு முன்னால் குளம் குளமாகத் தேடிப் போய்த் துவைத்த காலத்தை ஆச்சி சொல்லிக்கொண்டே இருப்பாள். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் முன்னோர்களைக் கூட்டிவந்தார்கள் என்பது வண்ணார் தெருவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. டச்சுக்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், அவனும் போனான். அழுக்கு மூட்டை மட்டும் யாரிடமிருந்தாவது வந்துகொண்டே இருந்தது. ஹோட்டல் மேசை விரிப்பு, ஆஸ்பத்திரிப் போர்வை, பெரிய வீட்டு வேட்டி.

கோடை விடுமுறையில் எங்களுக்கு அங்கே இரண்டு வேலை. ஒன்று, காயப்போடுவது. தோபிகானாக் கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை ஒன்றோடொன்று முறுக்கி இழுத்துக் கட்டியிருப்பார்கள். முறுக்கின் இடுக்கை விரலால் நெம்பித் துணியின் முனையைச் செருகினால் எந்தக் கடல்காற்றுக்கும் அசையாது. சின்ன விரலுக்குத்தான் அந்த இடுக்கு சுலபமாகத் திறக்கும் என்று சொல்லி எங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். இன்னொன்று, குறி பார்த்துப் பிரிப்பது. ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு மூலையில், அழியாத மையில், ஒரு குறி இருக்கும். இரண்டு புள்ளியும் ஒரு கோடும், ஏணி, பாதி வட்டம், மேலே கொம்பு வைத்த சிலுவை. ஆச்சிக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனால் குவியலிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்தால், அது எந்தத் தெருவில் எந்த வீட்டுத் துணி, அந்த வீட்டில் எத்தனை உறை இருக்கிறது, போன மாதம் ஒன்று கிழிந்ததற்கு அவர்கள் என்ன பேச்சுப் பேசினார்கள் என்பது வரைக்கும் சொல்வாள்.

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த 1989 கோடையில்தான் 'சாக்ஷரதா' என்கிற எழுத்தறிவு இயக்கம் வந்தது.

அந்த வருடம் குடியரசு தினத்தன்று எர்ணாகுளம் மாவட்டம் முழுக்கப் பாதயாத்திரை கிளம்பியது. கேரளத்து அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத்துக்காரர்களும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து, ஒரே வருடத்தில் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஆளே இருக்கக்கூடாது என்று இறங்கியிருந்தார்கள். கலெக்டர் கே.ஆர். ராஜன் முன்னால் நின்றார். எங்கள் பக்கம் கப்பலண்டிமுக்கில் கலாஜாதாக்காரர்கள் வந்து செண்டை இல்லாமல், மேடை இல்லாமல், தெருவிலேயே நாடகம் போட்டார்கள். வேனல் தொடங்கியதும் இளவட்டங்கள் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஐந்து வயதிலிருந்து அறுபது வயது வரை யாருக்கெல்லாம் எழுத்து தெரியாது என்று கணக்கெடுப்பு.

எங்கள் வீட்டுக்கு வந்தது தலையில் தட்டமிட்ட ஒரு சேச்சி. ப்ரீ-டிகிரி பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவள். அவளுடைய வாப்பா பஜாரில் மூட்டை தூக்குகிறவர். சேச்சி என் அம்மா பெயரை எழுதிக்கொண்டாள், சித்தி பெயரை எழுதிக்கொண்டாள். ஆச்சியிடம் வயசு கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? தொண்ணூத்தொம்பதாம் வருசத்து வெள்ளத்துல எங்கம்மை என்னை இடுப்புல வச்சுக்கிட்டு மோட்டுல ஏறினாளாம்."

கொல்லம் ஆண்டு 1099 வெள்ளம் என்றால் கேரளத்தில் எந்தக் குழந்தைக்கும் கணக்குப் போடத் தெரியும். 1924. சேச்சி விரல் விட்டு எண்ணினாள். அறுபத்தைந்து. பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆச்சி கணக்கில் வரமாட்டீங்க" என்றாள்.

ஆச்சி இதை அவமானமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை, சந்தோஷமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. "எந்தக் கணக்குல நாம வந்திருக்கோம்?" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள். ஆனால் முதல் நாள் வகுப்புக்கு அம்மாவுக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள்.

வகுப்பு நடந்தது தெருமுனை வாயனசாலைத் திண்ணையில். வாயனசாலை என்றால் என்னமோ பெரிதாக நினைக்க வேண்டாம். ஓடு போட்ட ஒரு அறை, இரண்டு அலமாரி, ஒரு நீளப் பெஞ்சு, பேப்பரைப் பிரித்து மாட்ட ஒரு சாய்வுப் பலகை. கேரளத்தில் ஆலமரம் இல்லாத கிராமம் இருக்கலாம், இதுமாதிரி ஒரு வாயனசாலை இல்லாத கிராமம் அபூர்வம். நீலம்பேரூர்க்காரர் பி.என். பணிக்கர் 1945-இல் நாற்பத்தேழு நூலகங்களைச் சேர்த்துக் கட்டத் தொடங்கிய கிரந்தசாலா சங்கம், கடையும் காயலும் இருக்கிற இடமெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் வாயனசாலையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மிளகுத் தரகர் ஆபீசில் கிளார்க். எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியாராக இருந்தவரில்லை. இருந்தாலும் ஊருக்கே அவர் மாஷ்.

சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு. காலையில் எங்களுக்கு. பெரியவர்கள் பாடத்துக்கு அரசாங்கத்துக் கணக்கு உண்டு, புத்தகம் உண்டு, பரீட்சை உண்டு. காலை வகுப்புக்கு எந்தக் கணக்கும் கிடையாது. திண்ணையில் தாய்மார்கள் உட்கார்ந்தால் பின்னாலேயே பிள்ளைகளும் வந்து சேர்ந்து இரைச்சல் போட்டதால், அந்த இரைச்சலை எங்காவது கொண்டு போய் வைக்க வேண்டும் என்று மாஷ் ஆரம்பித்தது. பாலவேதி என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்தோம். உரிக்கும் ஷெட்டுக்குப் போன பிள்ளைகள் வேலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்காகவே வகுப்பு விடியற்காலையில் வைக்கப்பட்டது. ஒரு மனிதர் தன் தூக்கத்தை ஷெட் சங்கு ஊதும் நேரத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார் என்பது அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இன்றைக்கு ஏழைப் பிள்ளைகளுக்கென்று நடக்கும் எத்தனையோ கோடை முகாம்களின் நேர அட்டவணையைப் பார்க்கும்போது, காலை பத்து மணி என்று போட்டிருந்தால், அதை யாருக்காகப் போட்டார்கள் என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், பாடமாக எதுவும் ஞாபகமில்லை. மாஷ் 'யுரீக்கா' பழைய இதழ்களைக் கட்டாகக் கொண்டுவந்து போட்டு, "வாசித்து முடித்தவன் கேள்வி கேட்கணும், பதில் சொல்ல வேண்டாம்" என்பார். ஒரு வாரம் முழுக்கக் குழாயடி வரைபடம் போட்டோம். மட்டாஞ்சேரியில் நாலு பக்கமும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. எந்தத் தெருவில் எத்தனை குழாய், எது எத்தனை மணிக்கு வரும், எத்தனை குடம் வரிசையில் நிற்கும் என்று நாங்கள் போய்க் கணக்கெடுத்தோம். வரிசையில் நின்ற பெண்கள் முதலில் விரட்டினார்கள். அப்புறம் அவர்களே கூப்பிட்டு, "இதையும் எழுதுங்க, நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு வந்துது" என்று சொன்னார்கள். லாரித் தாளின் பின்பக்கத்தில் வரைந்த அந்தப் படம் வாயனசாலைச் சுவரில் ரொம்ப வருடம் இருந்தது. அதைப் பார்த்து யாரும் ஒரு குழாய் கூடுதலாகப் போட்டதாக ஞாபகமில்லை. ஆனால் அதற்கப்புறம் தெருக்கூட்டம் நடந்தால் அந்தப் படத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் சண்டை போட்டார்கள்.

சப்பா நாடகத்தைச் சொல்லாமல் அந்தக் கோடையைச் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ஒரு கிழவர் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கூன் விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் நிமிர்ந்தே இருந்தது. மாஷ் அவரைத் திண்ணைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தார். அந்தக் காலத்தில் கப்பல் வேலை வேண்டுமென்றால் விடியற்காலையில் போய்க் கூட்டமாக நிற்க வேண்டும். மூப்பன் வந்து 'சப்பா' என்கிற உலோக வில்லைகளைக் கூட்டத்துக்கு நடுவே வீசி எறிவான். எந்தக் கைக்கு வில்லை கிடைத்ததோ அந்தக் கைக்கு அன்றைக்கு வேலை. மற்றவர்கள் அடிபட்டு, நகம் பெயர்ந்து, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. சைது, சைதலவி, அந்தோணி என்று மூன்று தொழிலாளர்கள் அந்தப் போராட்டத்தில் உயிர்விட்டார்கள்.

கிழவர் இதைக் கதையாகச் சொல்லவில்லை. எங்களை முற்றத்தில் நிறுத்தி, மாஷிடம் சோடா மூடிகளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் சட்டென்று வீசினார். நாங்கள் பாய்ந்தோம். எனக்கு ஒன்று கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் நிமிர்ந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் உதட்டில் ரத்தத்தோடு நின்றான். என் முழங்கை பட்டது. "இப்ப ஆரம்பி நாடகத்தை" என்றார் கிழவர்.

அந்த நாடகத்தை மே மாதம் தெருவில் போட்டோம். சேச்சியின் வாப்பா முன் வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முடிகிறவரைக்கும் பீடி பற்றவைக்கவில்லை.

இன்னொரு நாள் மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து படகில் எர்ணாகுளத்துக்குக் கூட்டிப்போனார்கள். எங்களில் பாதிப் பேர் அதற்கு முன் அக்கரைக்குப் போனதில்லை. நடுக் காயலில் மாஷ் எழுந்து நின்று, 1913-இல் இந்தத் தண்ணீரில் நடந்த கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். புலையர்கள் கூட்டம் போடக் கரையில் ஒரு அடி மண் தர ஆளில்லை. அவர்கள் வள்ளங்களைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிக் காயல் மேலேயே சம்மேளனம் நடத்தினார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பண்டிட் கருப்பன் பெயரையும் அன்றைக்குத்தான் கேட்டேன். படகு எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஒரு பையன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். இருந்தாலும் பிற்பாடு எத்தனையோ புத்தகங்களில் அந்தக் கூட்டத்தைப் பற்றி வாசித்தபோதெல்லாம் எனக்கு டீசல் வாடையோடுதான் அது ஞாபகம் வருகிறது.

சாயங்கால வகுப்புக்கு வருகிறேன். அங்கே நாங்கள் சும்மா இருக்க முடியாது. விளக்கு பிடிப்பது, சிலேட்டு துடைப்பது, கைக்குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாம் எங்கள் வேலை. கை நடுங்குகிறவர்களின் கையைப் பிடித்து எழுதவைப்பதும் எங்களுக்கே. அம்மாவின் கையை நான் பிடித்தேன். துவைத்துத் துவைத்துக் காய்த்துப்போன கையில் சாக்குக்கட்டி நிற்காமல் வழுக்கியது. என்னை அடித்த கை, என் பிடிக்குள் இருக்கக் கூச்சப்பட்டது. அவள் எழுதிய முதல் எழுத்தைவிட அந்தக் கூச்சம்தான் எனக்குக் கிட்டத்தில் தெரிகிறது.

ஒரு நாள் சேச்சி பலகையில் மலையாள 'ற' எழுதினாள். அது வெறும் ஒரு வளைவு, கவிழ்த்த கிண்ணத்தின் கோடு. கணக்கில் வராத ஆச்சி பின்னாலிருந்து சொன்னாள்:

"அது மேமன் வீட்டுக் குறில்லா? கீழ ஒரு புள்ளி விட்டுப்போச்சு பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சேச்சி சிரிக்கவில்லை. சாக்குக்கட்டியை ஆச்சியிடம் நீட்டி, "வாங்க, எல்லாத்தையும் போடுங்க" என்றாள். ஆச்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். ஏணி, கொம்புச் சிலுவை, இரண்டு புள்ளி ஒரு கோடு, பாதி வட்டம், முழு வட்டம், வட்டத்துக்குள் வட்டம் என்று பலகை நிறையப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் வீட்டுப் பெயரைச் சொன்னாள். பலகை முடிந்ததும் திண்ணைத் தரையில் போட்டாள். சேச்சி அவற்றுக்குப் பக்கத்திலேயே எழுத்துகளைப் போட்டுக்கொண்டு வந்தாள். முழு வட்டம் மலையாளத்தில் ஒரு எழுத்து. கொஞ்சம் வாலை இழுத்தால் இன்னொன்று. அன்றைக்கு ராத்திரி வகுப்பு முடிய நேரமானதற்குச் சித்தப்பா வந்து சத்தம் போட்டார்.

அதற்கப்புறம் ஆச்சி பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு முன்னால் அவள் சரளமாக வாசித்தாள். கண் மட்டும் ஒத்துழைக்கவில்லை. அப்படி எழுத்து தெரிந்தும் எழுத்து தெரியாமல் போனவர்கள் மாவட்டம் முழுக்க இருந்தார்கள் போலிருக்கிறது. கண் பரிசோதனை முகாம்கள் வைத்து, வீடு வீடாக நன்கொடை வாங்கிக் கண்ணாடி கொடுத்தார்கள். ஆச்சிக்கும் தடித்த பிரேமில் ஒன்று கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு அவள் முதலில் பார்த்தது புத்தகத்தையல்ல, கொடியில் காய்ந்த போர்வையை. "அடப் பாவிகளா, இம்புட்டுக் கறையோடயா இத்தன வருசம் குடுத்துக்கிட்டிருந்தோம்!" என்று கத்தினாள்.

நிமிடத்துக்கு முப்பது சொல் வாசிக்க வேண்டும், நூறு வரை எழுத வேண்டும், கூட்டவும் கழிக்கவும் தெரிய வேண்டும் என்பது பரீட்சை. அம்மா தேறினாள், சித்தி தேறினாள். ஆச்சி எழுதினாள், அவள் தாளைச் சேச்சி திருத்தினாள், ஆனால் மேலே அனுப்பவில்லை. 1990 பிப்ரவரி 4 அன்று பிரதமர் வி.பி. சிங் வந்து, எர்ணாகுளம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார். 20,000 பேர் அளவில் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள். ஆச்சி அந்த லட்சத்தில் இல்லை.

அடுத்த கோடையில் பாலோத்சவம். விருந்தாளிப் பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்று மாஷ் சொன்னபோது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பரிஷத்தின் ஏற்பாடு அது. வேறு ஊர்ப் பிள்ளைகள் வந்து நம் ஊர்ப் பிள்ளைகளின் வீட்டில் தங்குவார்கள். ஒரு விருந்தாளிக்கு ஒரு வீட்டுக்காரர், இருவரும் ஒரே வயசு. பகல் முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து கூத்து, பாட்டு, பரிசோதனை, காகித வேலை. ராத்திரி வீட்டுக்குப் போய் ஒரே பாயில் தூங்க வேண்டும். யாருக்கு யார் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய மாட்டார்கள். ஒரு படத்தை இரண்டாக வெட்டி ஒரு பாதியை இங்கேயும் மறுபாதியை அங்கேயும் கொடுப்பார்கள். பாதி எவளிடம் பொருந்துகிறதோ அவள் நம் வீட்டுக்கு.

அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. வெளுத்த துணியைக் கொண்டுபோனால் கொல்லைப்புற வாசலில் வைத்துவிட்டு நிற்க வேண்டிய வீடுகளை அவளுக்குத் தெரியும். நமக்கென்று தனியாக ஒதுக்கி வைத்த கிளாசில் சாயா குடித்த வீடுகளையும் தெரியும். அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை நம் வீட்டில் வந்து சாப்பிடுமா? சாப்பிடாமல் பட்டினி கிடந்தால் என்ன செய்வது? "நமக்கு வேண்டாம், வேற யார் வீட்டுலயாவது வச்சுக்கட்டும்" என்று மாஷிடம் சொல்லிவிட்டு வந்தாள். மாஷ், "விருந்தாளியை ஏத்துக்க மாட்டேன்னு சொல்ற உரிமை வீட்டுக்காரிக்கு உண்டு. உங்க பிள்ளைகிட்ட கேட்டீங்களா, அவதான் வீட்டுக்காரி" என்றாராம். அம்மா வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்கு அந்த வயதில் வீட்டில் ஒரு பெட்டிகூடச் சொந்தமாகக் கிடையாது.

எனக்குக் கிடைத்தது மிளகுக் கொடியின் பாதி. மறுபாதியோடு பஸ்ஸிலிருந்து இறங்கியவள் கோதமங்கலத்துக்காரி. ரப்பர் வெட்டுகிற வீட்டுப் பெண். இரட்டைச் சடை, காலில் அட்டை கடித்த தழும்பு. கடலைப் பார்த்ததில்லை. கடற்கரைக்குக் கூட்டிப்போனேன், சீனவலையைப் பார்த்துவிட்டு, இத்தனை பெரிய வலையில் இத்தனை சின்ன மீனா என்று கேட்டாள். ராத்திரி அம்மா தோசையையும் மீன் குழம்பையும் வைத்துவிட்டுச் சமையலறை மறைவில் நின்று கவனித்தாள். அவள் ஏழு தோசை சாப்பிட்டாள். ஆச்சிக்கும் எனக்கும் நடுவில் படுத்து, ஆச்சியின் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

மறுநாள் விடியற்காலையில் எனக்கு முன்னால் எழுந்து தோபிகானாவில் நின்றாள். எப்படிச் செருகுகிறீர்கள் என்று கேட்டாள். கயிற்று முறுக்கை நெம்பிக் காட்டிக்கொடுத்தேன். அவளுக்கு வரவில்லை. மறுபடி காட்டினேன். ரப்பர் மரத்தில் கத்தியை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்று அவள் என் முழங்கையைப் பிடித்துக் காற்றில் வெட்டிக் காட்டினாள். எனக்கு அது வரவில்லை. பாலோத்சவத்தில் அன்றைக்கு அவரவர் ஊர்த் தொழிலைச் சொல்லிக்காட்ட வேண்டும். இருநூறு கண்களுக்கு முன்னால் நான் வெளுக்கிற தொழிலைச் சொல்வதா என்று தயங்கினேன். அதற்குள் அவள் எழுந்து என் தொழிலைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், தப்புத் தப்பாக. திருத்துவதற்காக நான் எழுந்திருக்க வேண்டியதாயிற்று.

கடைசி நாள் அவள் அப்பா கூட்டிப்போக வந்தார். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. அம்மா பாயை உதறி விரிப்பதற்குள் அவர் வாசலில் கிடந்த அழுக்கு மூட்டை மேலேயே சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார். சாயா கொடுத்தாள். குடித்தார். கிளாசை நீட்டி, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார். அம்மா உள்ளே வந்து, சாயாவைப் போட மறந்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

பின்னாளில் வேலைக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்து, புதுக்கோட்டையில் சில வருடம் இருந்தேன். அங்கே அறிவொளி இயக்கத்தில் படித்த கல்குவாரிப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றவர்கள் அவர்கள். படித்த பாடத்தைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள், சைக்கிளைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டார்கள். 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி தன் வீட்டு வாசலில் பிள்ளைகளை உட்காரவைத்ததைப் பார்த்து, எங்கள் திண்ணைதான் என்று நினைத்தேன். எர்ணாகுளத்திலும் 2017-இல் வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ரோஷ்னி என்ற திட்டம் தொடங்கியது. அவர்கள் வீட்டு மொழி தெரிந்தவர்களை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்களுக்கு அது இல்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், இரண்டுக்கும் நடுவில் பாலம் போட யாரும் வரவில்லை. சாக்ஷரதாவும் மலையாளம்தான். தமிழ் எழுத்தை நான் 'ராணி' வாரப்பத்திரிகை கிழித்துச் சுற்றிய பொட்டலங்களில் பொறுக்கிக் கற்றேன். இந்தக் குறையைச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறிவிப்பு முடிந்ததும் ஆள் குறைந்தது. தொடர்வகுப்பு என்று ஆரம்பித்தது தேய்ந்தது. சேச்சிக்குக் கல்யாணமாகிக் கத்தாருக்குப் போனாள். உரிக்கும் ஷெட்டிலிருந்து விடியற்காலையில் வந்த பெண்களில் ஒருத்தியாவது பத்தாம் வகுப்பு தாண்டினாளா என்றால், எனக்குத் தெரிந்து ஒருத்திதான். எங்கள் தெருப் பையன்கள் பெரும்பாலும் இஸ்திரிப் பெட்டிக்கே போனார்கள். இரண்டு கோடையில் ஒரு தெருவின் தலையெழுத்து மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மாஷும் அப்படிச் சொன்னதில்லை. எங்களை முன்னேற்றப் போவதாக அவர் ஒரு நாளும் பேசிக் கேட்டதில்லை. வேலை கொடுத்தார். குழாயை எண்ணு, அம்மா கையைப் பிடி, விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போ. மட்டாஞ்சேரியில் அதற்கு முன் எங்களிடம் வேலை வாங்கியவர்கள் நிறையப் பேர். இந்த மாதிரி வேலை வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

1990 ஜூன் மாதம், மழை பிடித்துப் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், கோதமங்கலத்திலிருந்து ஒரு சாக்குக் கப்பைக் கிழங்கும் ஒரு கடிதமும் வந்தன. நான் கடிதத்தைப் பிரிக்கப் போனேன். ஆச்சி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். கவர் மேல் அவள் பெயர்தான் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்து, மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வாசித்தாள். நடுவில் எட்டிப் பார்த்த என் தலையில் ஒரு குட்டு விழுந்தது. முடித்ததும், "எழுத்து அடிச்சுத் தொவைக்காத துணி கணக்கா கெடக்கு, இவளுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டாள்.

நான் பதில் எழுதப் பேப்பரும் பேனாவும் எடுத்து வந்தேன்.

"பேனாவ இங்க குடு. நீ போயி கப்பையக் கழுவி வையி."